சுவாரெஸின் கையை விடுங்கள்

எங்கள் ஊர் ஃபுட்பால் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி அந்தப் பழைய வீடியோவைப் போட்டிருந்தான். 2010 உலகக் கோப்பை, கானாவுக்கும் உருகுவேவுக்கும் காலிறுதி, 120-வது நிமிடம். கோல் கோட்டில் நின்றுகொண்டு லூயிஸ் சுவாரெஸ் இரண்டு கையாலும் பந்தைத் தள்ளிவிடுகிற காட்சி. "இந்த ஒரு கை ஒரு கண்டத்தையே ஏமாத்திருச்சு" என்று கீழே எழுதியிருந்தான். பதில் போட உட்கார்ந்தேன். போனில் தட்டத் தட்ட நீண்டுகொண்டே போனது. சரி, பிளாக் தூசி படிந்து கிடக்கிறதே, இங்கேயே எழுதிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

தம்பி அப்போது ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படித்திருப்பான். நான் அன்றைக்கு கானாவில் இருந்தேன். அக்ராவுக்குப் பக்கத்தில் தேமா என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு கிளியரிங் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் வேலை. கன்டெய்னர் வரும், பில் ஆஃப் லேடிங் என்கிற சரக்குச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும், கஸ்டம்ஸில் போய் நிற்க வேண்டும். தூத்துக்குடியில் என்ன செய்துகொண்டிருந்தேனோ அதையேதான் அங்கும் செய்தேன். சம்பளம்தான் டாலரில்.

தேமாவில் ஏரியாக்களுக்கு கம்யூனிட்டி ஒன், கம்யூனிட்டி டூ என்று நம்பர்தான் பேர். கம்பெனி கொடுத்த வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். என்னைத் தவிர எல்லாருமே கிரிக்கெட் பைத்தியங்கள். நான் மட்டும் சின்ன வயதில் சர்ச் மைதானத்தில் கோலியாக, அதாவது கோல்கீப்பராக நின்று முட்டியைக் கிழித்துக்கொண்டவன். அதனால் வீட்டில் இருப்பவர்களைவிட ஆபீஸ் டிரைவரோடுதான் எனக்கு ஒட்டுதல். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை "பாஸ்" என்பார், நான் அவரை "அண்ணே" என்பேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, மற்ற இந்தியர்களும் தன்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அவர் அடம்பிடிக்க ஆரம்பித்தது தனிக் கதை.

கானா அணிக்கு 'பிளாக் ஸ்டார்ஸ்' என்று பேர். அவர்கள் கொடியின் நடுவில் இருக்கும் அதே கறுப்பு நட்சத்திரம். விடுதலை வாங்கிய கையோடு நாட்டின் முதல் தலைவர் என்க்ருமா ஃபுட்பாலையும் ஆப்பிரிக்க ஒற்றுமைக்கான ஒரு வேலையாகத்தான் பார்த்தார். 1963, 1965, 1978, 1982 என்று நாலு முறை ஆப்பிரிக்கக் கோப்பையை வாங்கியவர்கள். ஆனால் உலகக் கோப்பைக்குள் முதன்முதலாகக் கால் வைத்ததே 2006-ல்தான். அந்த முதல் தடவையே செக் குடியரசையும் அமெரிக்காவையும் அடித்து அடுத்த சுற்றுக்குப் போனார்கள். அங்கே பிரேசில் 3-0 என்று முடித்துவிட்டது. அப்போது 1982-க்குப் பிறகு சொந்தக் கண்டத்தில் கோப்பை இல்லை. இன்று வரையிலும் இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

2010 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவில். ஆப்பிரிக்க மண்ணில் நடந்த முதல் உலகக் கோப்பை என்பதால் அந்தக் கண்டத்திலிருந்து ஆறு அணிகள். தென்னாப்பிரிக்கா, அல்ஜீரியா, நைஜீரியா, கேமரூன், ஐவரி கோஸ்ட் ஐந்தும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிட்டன. மிஞ்சியது கானா மட்டும். அதுவும் ஒன்றும் அள்ளிக் குவித்து மிஞ்சவில்லை. செர்பியாவை 1-0, அசமோவா கியானின் பெனால்டி. ஆஸ்திரேலியாவோடு 1-1, அதுவும் கியானின் பெனால்டி. ஜெர்மனியிடம் 0-1. களத்தில் கோல் என்று ஒன்றுகூடப் போடாமல், இரண்டு பெனால்டியை வைத்து குழுவைத் தாண்டிய அணி அது. அணியின் முதுகெலும்பான மைக்கேல் எஸ்ஸியன் முட்டிக் காயத்தால் வரவே இல்லை. செர்பியக் கோச் மிலோவன் ராயெவாட்ஸ் பின்னால் நாலு பேரைக் கெட்டியாக நிறுத்தி, முன்னால் கியானைத் தனியாக விட்டு, நடுவில் இடத்தை அடைத்து ஆட வைத்தார். பார்க்க அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். கோல் வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்து ருஸ்டன்பர்க்கில் அமெரிக்கா. எக்ஸ்ட்ரா டைம் மூன்றாவது நிமிடத்தில், பின்னாலிருந்து வந்த நீளமான பந்தை நெஞ்சில் வாங்கி, ஒட்டிக்கொண்டே வந்த டிஃபெண்டரை உதறிவிட்டு கியான் அடித்த அடி! 2-1. கேமரூன் 1990, செனகல் 2002, இப்போது கானா. ஆப்பிரிக்காவிலிருந்து காலிறுதிக்கு வந்த மூன்றாவது நாடு. அரையிறுதி வரை அதுவரை எந்த ஆப்பிரிக்க அணியும் போனதில்லை.

அந்த ஒரு வாரம் தேமா எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். சிக்னலில் வழக்கமாகத் தண்ணீர்ப் பாக்கெட்டும் வாழைக்காய் சிப்ஸும் விற்கிற பையன்கள் கையில் கொடியும் வுவுசெலா ஊதுகுழலும். டிரோட்ரோ வேன்களில் (நம்ம ஷேர் ஆட்டோவுக்கு அண்ணன் அது) சிவப்பு, மஞ்சள், பச்சைத் துணி கட்டாத வண்டி கிடையாது. கஸ்டம்ஸில் ஒரு அம்மா அதிகாரி, அதுவரை என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், "இந்தியாக்காரா, வெள்ளிக்கிழமை யாருக்கு சப்போர்ட்?" என்று கேட்டுவிட்டுத்தான் சீல் குத்தினார். மேட்ச் ஜூலை 2, வெள்ளி. முதல் நாள் வியாழக்கிழமை அவர்களுக்குக் குடியரசு தின விடுமுறை. வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தவர்களும் வேலை செய்ய வரவில்லை. பெர்த்தில் கப்பல் நின்றது, கன்டெய்னர் நின்றது, எங்கள் மேனேஜர் மட்டும் நடந்துகொண்டே இருந்தார்.

கானா நேரத்துக்கு மாலை 6.30-க்கு ஆட்டம். அண்ணன் என்னை கம்யூனிட்டி ஒன்னில் ஒரு 'ஸ்பாட்'டுக்குக் கூட்டிப்போனார். ஸ்பாட் என்றால் அங்கே பீர்க்கடை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, வாசலில் கெபாப் சுடுகிறவர், ரோட்டோரம் எண்ணெய்ச் சட்டி வைத்து கெலெவெலே பொரிக்கிற அம்மா. பழுத்த வாழைப்பழத்தை இஞ்சி, மிளகாய் போட்டுப் பிசறிப் பொரிப்பது. நல்லா இருக்கும், நாலு துண்டுக்கு மேல் தின்றால் வயிறு பேசும். டிவியைத் தூக்கி மேஜைமேல் ஒரு பெட்டி, அதன்மேல் இன்னொரு பெட்டி என்று அடுக்கி வைத்திருந்தார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று பக்கத்துக் கடை ஜெனரேட்டரிலிருந்து முன்கூட்டியே ஒயர் இழுத்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு காரியத்துக்கு அவ்வளவு முன்யோசனையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

இடைவேளைக்குக் கடைசி மூச்சில் கானாவின் சுல்லி முந்தாரி ஏறக்குறைய முப்பத்தைந்து கஜத்திலிருந்து இடது காலால் ஒன்று விட்டார். உருகுவே கோலி முஸ்லேரா ஒரு பக்கம் சாய, பந்து இன்னொரு பக்கம் தரையைத் தொட்டு உள்ளே போனது. ஸ்பாட்டில் யாருடைய பீர் யார் தலையில் கொட்டியது என்று தெரியவில்லை. என் சட்டை காலி. இரண்டாம் பாதியில் 55-வது நிமிடம், உருகுவேயின் டியேகோ ஃபோர்லானின் ஃப்ரீ கிக். அந்த உலகக் கோப்பையின் ஜபுலானி பந்து காற்றில் கடைசி நேரத்தில் முகத்தைத் திருப்பும், எல்லாக் கோலிகளும் அதைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். கானா கோலி ரிச்சர்ட் கிங்சன் ஒரு அடி தப்பாக எடுத்து வைத்தார். அந்த ஒரு அடியே அதிகம். 1-1. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வாய்ப்பு வந்தது, போனது. எக்ஸ்ட்ரா டைமில் கானாதான் உயிரோடு இருந்த அணி. உருகுவேக்காரர்களுக்குக் கால் நடக்கவில்லை.

கடைசி நிமிடத்துக்கு வருகிறேன். வலது பக்கத்திலிருந்து கானாவின் ஜான் பெயின்ட்சில் ஃப்ரீ கிக் போடுகிறார். அது ஃபவுலே இல்லை என்று உருகுவேக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், சொல்லட்டும். கூட்டத்துக்குள் பந்து விழுகிறது. முஸ்லேரா வெளியே வந்து பந்தைத் தவறவிடுகிறார். ஸ்டீபன் அப்பியா அடிக்கிறார். கோட்டில் நின்ற சுவாரெஸின் காலில் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய பந்தை டொமினிக் அடியியா தலையால் முட்டுகிறார். இந்த முறை சுவாரெஸின் கை. இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: பக்கத்தில் நின்ற இன்னொரு உருகுவேக்காரர் ஃபுசிலேயும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார். பந்து சுவாரெஸிடம் போனதால் அவர் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை.

போர்ச்சுகல் ரெஃபரி பெங்கெரென்சா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரெட் கார்டு, பெனால்டி. சுவாரெஸ் ஜெர்ஸியைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டே வெளியே போகிறார்.

ஏமாற்று என்று சொல்கிற தம்பிகளிடம் எனக்கு இருக்கும் முதல் வழக்கு இங்கேதான். ஏமாற்று என்றால் ரெஃபரி பார்க்காதது. 1986-ல் மரடோனா கையால் போட்டது கோல் என்று எழுதப்பட்டது, அது ஏமாற்று. இங்கே ரெஃபரி பார்த்தார், சட்டப் புத்தகத்தில் இருக்கிற அதிகபட்சத் தண்டனை இரண்டையும் கொடுத்தார். ஆள் வெளியே, பந்து பன்னிரண்டு கஜத்தில். அடுத்த ஆட்டமும் அவருக்குக் கிடையாது. அரையிறுதியில் சுவாரெஸ் இல்லாத உருகுவே ஹாலந்திடம் 3-2 என்று தோற்றது. தண்டனை போதாது என்றால் அது வேறு விவாதம், நியாயமான விவாதமும்கூட. ரக்பியில் இதேபோல நிச்சயமான ஸ்கோரை முறைகேடாகத் தடுத்தால் 'பெனால்டி டிரை' என்று புள்ளியையே கொடுத்துவிடுவார்கள். பாஸ்கெட்பாலில் கூடைக்குள் இறங்குகிற பந்தைத் தட்டினால் கூடை விழுந்ததாகவே கணக்கு. கிரிக்கெட்டில்கூட கீப்பர் பின்னால் வைத்த ஹெல்மெட்டில் பந்து பட்டால் 5 ரன் எழுதுகிறார்கள். ஃபுட்பாலில் கோட்டில் கையால் தடுத்தால் நேரே கோல் கொடுத்துவிடலாமே என்றால், நானும் கை தூக்குகிறேன். ஆனால் அன்றைக்கு இருந்த சட்டம் இதுதான், அதன்படி கானாவுக்கு ஒரு உதை பாக்கி இருந்தது. அந்த ஒரு உதை போயிருந்தால் சுவாரெஸை யார் பேசப்போகிறார்கள்? தடுத்தும் தோற்ற ஒரு முட்டாள் என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

கியான் பந்தை வைத்தார்.

நான் கோலியாக நின்றவன் என்பதால் பெனால்டியில் உதைப்பவன் முகத்தைத்தான் பார்ப்பேன். ஸ்பாட்டில் அந்தப் பழைய டிவியில் கியான் முகம் ஒரு கணம் பெரிதாகத் தெரிந்தது. அந்த ஆள் அந்தத் தொடரில் இரண்டு பெனால்டியைப் போட்டிருந்தார், இரண்டும் உள்ளே. அணியில் அவரைத் தவிர வேறு யார் எடுப்பார்கள் என்ற கேள்வியே இல்லை. ஆனால் 2006-ல் செக் குடியரசுக்கு எதிராக, இரண்டாவது நிமிடத்திலேயே கோல் போட்ட அதே ஆட்டத்தில், பெனால்டியை போஸ்ட்டில் அடித்தவரும் இவர்தான். அண்ணனுக்கு அது ஞாபகம் இருந்தது. சத்தமாகச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்துக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கெலெவெலே அம்மா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார்.

ஓங்கி அடித்தார். கிராஸ்பாரின் மேல் விளிம்பில் பட்டு, வானத்துக்குப் போனது.

சுரங்கப் பாதையின் வாயில் நின்ற சுவாரெஸ் குதிப்பதைக் காட்டினார்கள். அந்தக் காட்சிதான் கானாக்காரர்களை இத்தனை வருஷமாகக் குத்துகிறது. கை இல்லை, அந்தக் குதிப்பு. போதாததற்கு, கடவுளின் கை இனிமேல் என்னுடையது என்கிற மாதிரி ஆட்டம் முடிந்ததும் பேட்டியும் கொடுத்தார்.

இதற்கு அடுத்து நடந்ததை வீடியோ போடுகிற யாரும் போடுவதில்லை. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1-1 என்றே முடிந்ததால் ஷூட் அவுட், ஆளுக்கு ஐந்து பெனால்டி மாறி மாறி. உருகுவேக்கு ஃபோர்லான் முதலில் அடித்து கோல். கானாவின் முதல் உதைக்கு நடந்து வந்தது யார் தெரியுமா? அதே கியான். சில நிமிடங்களுக்கு முன்னால் ஒரு கண்டத்தின் அரையிறுதியைக் கிராஸ்பாரில் அடித்த மனிதர். வேறு எவனாக இருந்தாலும் நடுக்கோட்டில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், யாரும் குறை சொல்லியும் இருக்க மாட்டார்கள். இவர் வந்து பந்தை வைத்து, தரையோடு பாதுகாப்பாகத் தள்ளாமல், மறுபடியும் மேலேயே, வலையின் உச்சி மூலையில் செருகினார். இன்னும் அரை ஜாண் ஏறியிருந்தால் மறுபடியும் வெளியே. ஃபுட்பாலில் நான் பார்த்ததிலேயே அதிகத் தைரியமான உதை அதுதான். ஸ்பாட்டில் யாரும் கத்தவில்லை. அண்ணன் மட்டும் நாற்காலிமேல் ஏறி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தட்டினார்.

பிறகு அப்பியா போட்டார். கேப்டன் ஜான் மென்சா ஓட்டமே இல்லாமல் ஒரு எட்டு வைத்து உதைத்தார், முஸ்லேரா பிடித்தார். அந்த உதையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. உருகுவேயின் மாக்ஸி பெரேரா வானத்தில் அடித்து ஒரு உயிர் கொடுத்தார். அடுத்து வந்தவர் அடியியா. சுவாரெஸ் கையால் தடுத்தாரே, அந்த ஹெடருக்குச் சொந்தக்காரர். இருபது வயது. அதையும் முஸ்லேரா தடுத்தார். கடைசியில் உருகுவேயின் செபஸ்தியன் அப்ரேயு, தாத்தா பேரனுக்குப் பந்து போடுகிற மாதிரி நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டார். 4-2.

அடியியாவின் கதை தனியாக எழுத வேண்டியது. அதற்கு முந்தைய வருஷம், 2009-ல், எகிப்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை கானா ஜெயித்தது. இறுதியில் பத்து பேரோடு ஆடி பிரேசிலை பெனால்டியில் வீழ்த்தினார்கள். ஆப்பிரிக்காவுக்கு அந்தக் கோப்பை அதுவே முதல் முறை. அந்தத் தொடரில் 8 கோல் போட்டு, சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கியவர் அடியியா. இத்தாலியின் ஏசி மிலான் கிளப் வாங்கிக்கொண்டது. அங்கே நிலைக்கவில்லை. அங்கே இங்கே சுற்றி, கடைசியில் பல வருஷம் தாய்லாந்து லீக்கில் ஆடினார். பந்து சுவாரெஸின் கைக்கு ஒரு ஜாண் தள்ளிப் போயிருந்தால் அவர் வாழ்க்கை மாறியிருக்குமா? அந்த ஜோசியமெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் கானாவில் சுவாரெஸ் பேரைத் தெரிந்த குழந்தைகளில் பாதிக்கு அடியியா பேர் தெரியாது. அது எனக்கு உறுத்துகிறது.

அன்றிரவு திரும்பும்போது அண்ணன் வண்டியில் ரேடியோ போடவில்லை. எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது, "பாஸ், அந்தப் பையனை இனிமே ஊருக்குள்ள விடமாட்டாங்களோ" என்றார். கியானைத்தான் சொன்னார். அவர் பயந்தது மாதிரி நடக்கவில்லை. அணி திரும்பியபோது அக்ரா விமான நிலையத்தில் அவ்வளவு கூட்டம். ஆனால் அந்த மன்னிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2012 ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதியில் ஜாம்பியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கியான் இன்னொரு பெனால்டியைத் தவறவிட்டார். கானா 1-0 தோற்றது. இந்த முறை வசவு மழை. மனுஷன் கொஞ்ச நாள் தேசிய அணியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். அவருடைய அம்மா, இனிமேல் நாட்டுக்காகப் பெனால்டி அடிக்காதே என்று கேட்டுக்கொண்டாராம். அந்த வருஷக் கடைசியில் ஒரு கார் விபத்தில் அம்மா போய்விட்டார். உலகக் கோப்பையில் 6 கோல் போட்டு, ஆப்பிரிக்கர்களிலேயே அதிக கோல் போட்டவர் என்ற பேரை கியான் 2014-ல் எடுத்தார். கானாவுக்காக மொத்தம் 51. இதையெல்லாம் சொன்னால், "ஆமாம், அந்தப் பெனால்டி அடிச்சவர்தானே" என்பார்கள்.

இப்போது என் இரண்டாவது வழக்கு. கானாவை வீழ்த்தியது சுவாரெஸ்தான் என்றால், அதற்கப்புறம் வந்த வருஷங்களுக்கு யார் கை காரணம்?

2014 பிரேசில். குழுவில் ஜெர்மனி, போர்ச்சுகல், அமெரிக்கா. கஷ்டமான குழுதான். ஆனாலும் ஜெர்மனியோடு 2-2. அந்தத் தொடரில் கோப்பை வாங்கிய ஜெர்மனி ஜெயிக்க முடியாமல் போன ஒரே ஆட்டம் அது. அப்படிப்பட்ட அணி, கடைசி ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சிக்குப் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டது. ஆட்டத்தொகையைக் கையில் கொடுத்தால்தான் ஆச்சு. ஆட்டக்காரர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் அதிகாரிகள் சொன்ன எத்தனை வாக்கு காற்றில் போயிருந்தால் அவர்கள் ரொக்கம்தான் வேண்டும் என்று கேட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். அரசாங்கம் 30 லட்சம் டாலருக்கு மேல் நோட்டுக் கட்டாகவே தனி விமானத்தில் பிரேசிலுக்கு அனுப்பியது. போலீஸ் பாதுகாப்போடு அந்தப் பணம் ஹோட்டலுக்குப் போவதை பிரேசில் டிவியில் காட்டினார்கள். டிஃபெண்டர் ஜான் பாய் பணத்தை முத்தமிட்டார் என்று செய்தி. மறுநாள் காலை முந்தாரியையும் கெவின் பிரின்ஸ் போட்டெங்கையும் ஒழுங்குமீறலுக்காக அணியை விட்டே அனுப்பினார்கள். அன்றே போர்ச்சுகலுக்கு எதிராக முதல் கோலைத் தன் வலைக்குள்ளேயே போட்டவர் அதே ஜான் பாய். 2-1 தோல்வி, வீட்டுக்கு.

நான் அப்போது தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டேன். அண்ணன் போனில், "டாலர் பறந்து போகுது, நாங்க இங்க கரண்ட் இல்லாம இருட்டுல உட்கார்ந்து அதை ரேடியோவுல கேட்கிறோம்" என்றார். அந்தச் சமயம் அங்கே மின்வெட்டு உச்சத்தில் இருந்தது.

2015 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியில் ஐவரி கோஸ்டிடம் பெனால்டியில் 9-8. கோலிகளே உதைக்க வேண்டிய நிலை வரைக்கும் போய்த் தோல்வி. சரி, அது அதிர்ஷ்டம். 2018 உலகக் கோப்பைக்குத் தகுதியே பெறவில்லை. அதே 2018-ல் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பணம் வாங்குவதை ரகசியக் கேமராவில் பிடித்து வெளியிட்டார்கள், கூட்டமைப்பையே கலைக்க வேண்டி வந்தது. 2021 ஆப்பிரிக்கக் கோப்பையில் குட்டித் தீவு நாடான கோமரோஸிடம் 3-2 தோற்று முதல் சுற்றிலேயே வெளியே. அடுத்ததில் மொசாம்பிக்கை 2-0 முந்திக்கொண்டிருந்து, 90 நிமிடம் தாண்டிய காயநேரத்தில் இரண்டு கோல் வாங்கினார்கள். அதற்கடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அங்கோலா, சூடான், நைஜர் இருந்த குழுவில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் கடைசி இடம். இதில் எந்த ஆட்டத்தில் தம்பி, சுவாரெஸ் கோட்டில் நின்றார்?

இதற்கு நடுவில் 2022 வந்தது. கத்தாரில் மறுபடியும் கானாவும் உருகுவேயும், கடைசிக் குழு ஆட்டத்தில். பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறோம் என்று நாட்டின் ஜனாதிபதியே பேசினார். முதல் நாள் பத்திரிகையாளர் சந்திப்பில் மன்னிப்புக் கேட்பீர்களா என்று சுவாரெஸிடம் கேட்டார்கள். பெனால்டியைத் தவறவிட்டது நான் இல்லையே என்றார். திமிர்தான். ஆனால் பொய் இல்லை.

கானாவுக்கு ஜெயிக்கக்கூட வேண்டாம். மற்ற ஆட்டம் முடிந்த விதத்தைப் பார்த்தால், டிரா செய்திருந்தாலே அடுத்த சுற்று. 0-0-வில் இருக்கும்போது கானாவின் முகமது குடுஸை உருகுவே கோலி ரோஷே தள்ளிவிட, பெனால்டி. உதைக்க வந்தவர் ஆந்த்ரே அயியு. 2010 அணியில் இருந்து அந்த 2022 அணியிலும் இருந்த ஒரே ஆள். 2010 காலிறுதியில் மஞ்சள் அட்டை சேர்ந்ததால் ஆட முடியாமல் வெளியே உட்கார்ந்திருந்தவர். கதை எழுதுகிறவன்கூட இப்படி எழுதக் கூச்சப்படுவான். மெல்லமாக உதைத்தார், ரோஷே பிடித்தார். அடுத்த கொஞ்ச நேரத்திலேயே உருகுவேயின் டி அராஸ்காயெட்டா இரண்டு கோல். முடிந்தது.

ஆனால் இன்னொரு மைதானத்தில் கடைசி நேரத்தில் தென் கொரியா போர்ச்சுகலுக்கு எதிராக இரண்டாவது கோலைப் போட, உருகுவேக்கு இன்னும் ஒரு கோல் தேவைப்பட்டது. பெஞ்சில் சுவாரெஸ் ஜெர்ஸியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கானா ஆட்டக்காரர்கள் அடிக்க முயலவே இல்லை. நாம் போகாவிட்டாலும் அவர்கள் போகக் கூடாது என்று தடுத்து ஆடினார்கள். கானா டிஃபெண்டர் டேனியல் அமார்ட்டே ஆட்டம் முடிந்ததும் அதை ஒளிக்காமல் சொன்னார். இரண்டு அணியும் வெளியே.

அண்ணன் போன் செய்தார். பின்னால் வுவுசெலா சத்தம், டிரம் சத்தம். ஜெயித்த ஊர் மாதிரி. "பாஸ், அவன் அழுததைப் பார்த்தீங்களா?" என்று சிரிக்கிறார். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். போனை வைத்ததும் எரிச்சல் வந்தது. 2010-ல் அந்த ஸ்பாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அரையிறுதியைக் கேட்டார்கள். 2022-ல் அதே ஆட்கள் ஒருத்தர் அழுததை வைத்துக்கொண்டு திருப்தியாகத் தூங்கப் போனார்கள். அதே தொடரில் மொராக்கோ சத்தமில்லாமல் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் தாண்டி அரையிறுதிக்குப் போய், கானா தவறவிட்ட அந்த 'முதல்' என்ற இடத்தை எடுத்துக்கொண்டது. மொராக்கோவுக்குப் பின்னால் பல வருஷமாகக் கட்டிய அகாடமி இருந்தது, கோச்சுகள் இருந்தார்கள். கானாவுக்குப் பின்னால் ஒரு வீடியோ இருந்தது.

இவ்வளவும் சொன்னாலும் அந்த நாட்டு ஃபுட்பாலை என்னால் விட முடியவில்லை. 2025 அக்டோபரில் அக்ராவில் குடுஸின் கோலில் கோமரோஸை 1-0 அடித்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதி பெறாத அணி உலகக் கோப்பைக்குப் போகிறது. இந்த அணியைப் புரிந்துகொண்டேன் என்று சொல்பவர் யாராவது இருந்தால் எனக்கு நம்பர் கொடுங்கள். டிசம்பரில் குழு பிரித்தார்கள். இங்கிலாந்து, குரோஷியா, பனாமா, கானா.

குலுக்கல் முடிந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இங்கிலாந்தைப் பற்றிப் பேசுவார் என்று எடுத்தேன்.

"பாஸ், உருகுவே எந்தக் குரூப்?"

"அது வேற பக்கம் அண்ணே. ஸ்பெயினோட இருக்கு."

"நாக் அவுட்ல எதிர்ல வருமா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"அண்ணே, முதல் மேட்ச் பனாமாவோட. முதல்ல அதை ஜெயிக்கச் சொல்லுங்க."